தோற்கும் பக்கம் நின்றவர்கள்

காப்பிய மாந்தர் ஒப்பீட்டை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு கருத்தரங்கு கூடுவது மகிழ்ச்சிக்குரியது. இதற்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

இத்துறையில் நாம் முதல் தலைமுறையினர் அல்லர். வ.வே.சு. ஐயர் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் எழுதினார். ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு கம்பனை ஒரே அவையில் நிறுத்திப் பேசிய நூல் அது. அடிமைப்பட்ட நாட்டின் கவிஞன் உலகக் கவிஞர்களுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன் என்று நிறுவ வேண்டிய தேவை அன்று இருந்தது. பின்னர், க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட நூலை 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. வாய்மொழி மரபும் சமூக அமைப்பும் ஒப்பாய்வுக்குள் வலுவாக நுழைந்தன. இவ்விருவரும் திறந்து வைத்த வழியில்தான் நாம் நடக்கிறோம்.

ஆனால், எவர் பெரியவர் என்ற வழக்கு இனி நமக்கு வேண்டாம். கம்பன் பெருமை நிலைபெற்றுவிட்டது. இன்று நாம் கேட்க வேண்டியது, இரண்டு பாத்திரங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது தனித்தனியே படித்தபோது தெரியாத எது தெரிகிறது என்பதே. புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த ஒப்பீடு வெறும் பட்டியல்.

எடுத்துக்காட்டாக மூவரைக் கொள்கிறேன்: கம்பனின் கும்பகருணன், வில்லிபுத்தூராரின் கர்ணன், ஹோமரின் ஹெக்டர். மூவரும் தோற்கும் பக்கத்தில் நின்று போரிட்டவர்கள். மூவரும் முடிவை முன்பே உணர்ந்தவர்கள். நம் மேடைகளில் கும்பகருணனையும் கர்ணனையும் செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். ஹெக்டரையும் உடன் வைத்தால் அந்தக் கட்டு அவிழ்கிறது.

முதலில், தவறு என்று அறிந்ததை இவர்கள் வாய்திறந்து சொன்னார்களா? கும்பகருணன் சொன்னான். மாற்றான் மனைவியைச் சிறை வைத்ததை அவையில் அண்ணனின் முகத்துக்கு நேரே இடித்துரைத்தான். போருக்குப் புறப்படும் முன்பும் சீதையை விட்டுவிடச் சொன்னான். கேளாதபோது விடைபெற்றுக் களம் சென்றான். ஹெக்டரும் ஹெலனைக் கவர்ந்து வந்த தம்பி பாரிஸைக் கடுமையாகப் பழித்தான். ஆயினும் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி டிராய் அவையில் குரல் எழுப்பியவன் அன்டெனர் என்ற முதியவன். கர்ணன் வேறு வகை. பாஞ்சாலியை அவைக்கு இழுத்து வந்தபோது அவன் தடுக்கவில்லை. கொடுஞ்சொல் சொன்னவர்களில் அவனும் ஒருவன். பின்னாளில் கண்ணனிடம் அச்சொற்களுக்காக வருந்துகிறான் என்று வியாச பாரதம் காட்டுகிறது. ஆகவே கும்பகருணன் அறத்தைச் சொல்லிவிட்டு அன்பின்பால் நின்றவன். கர்ணன் நட்பின் பொருட்டு அறத்தை மறந்து, பிறகு நினைத்தவன். இருவரையும் ஒரே பெயரால் புகழ்ந்தால் இருவருக்குமே அநீதி செய்தவர்களாவோம்.

அடுத்து, தப்பிக்கும் வழி ஒன்று வந்தபோது ஏன் மறுத்தார்கள்? கும்பகருணனை அழைக்க வீடணன் போர்க்களத்துக்கே வருகிறான். வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனுக்கு உயிர் கொடுக்காமல் போவதில்லை என்கிறான் கும்பகருணன். அதே மூச்சில், நீ இராமனிடமே போ என்று தம்பியை வாழ்த்துகிறான். தன் வழியைத் தம்பிக்கு விதியாக்காத பெருந்தன்மை அது. வியாச பாரதத்தில் கர்ணனுக்குக் கண்ணன் அரசையே தர முன்வருகிறான். தேரோட்டி மகன் என்று உலகம் இகழ்ந்த நாளில் அங்க நாட்டு முடி சூட்டியவனை விட்டு வர அவன் இசையவில்லை. ஹெக்டரை அழைப்பவள் மனைவி அன்ட்ரமக்கி. மதிலை ஒட்டி நின்று காத்துப் போரிடு, என்னைக் கைம்பெண் ஆக்காதே என்று குழந்தையோடு வந்து மன்றாடுகிறாள். டிராய் ஒருநாள் அழியும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே, ஊரார் முன் நாணப்பட்டு வாழ முடியாது என்கிறான் அவன். ஒருவனைப் பிணைத்தது உடன்பிறப்பு, ஒருவனை நட்பு, ஒருவனை ஊர்.

மூன்றாவதாக, அவர்கள் இறுதியில் கேட்டது என்ன? இந்த ஒப்பீட்டின் உயிர்நிலை இதுதான். ஹெக்டர் தன் உடலைப் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்கிறான். அவனை வீழ்த்திய அகிலீஸ் மறுக்கிறான், பின்பு கிழவன் பிரியாம் பகைவன் பாசறைக்கே சென்று, மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு உடலை மீட்கிறான். கும்பகருணன் இராமனிடம் இரண்டு வரம் கேட்கிறான்: வீடணனைக் காக்க வேண்டும், சுக்கிரீவன் மூக்கைக் கடித்துச் சிதைத்த தன் தலையை எவரும் காணாதபடி கடலில் ஆழ்த்த வேண்டும். வில்லிபுத்தூராரின் கர்ணனோ, தான் வீழ்ந்தபின் மடியில் எடுத்து மகன் என்று உலகறியச் சொல்லும்படி குந்தியை வேண்டுகிறான். ஒருவன் தன் உடலை ஊர் காண வேண்டும் என்கிறான். ஒருவன் எவரும் காணக்கூடாது என்கிறான். ஒருவன் எல்லாரும் அறிய வேண்டும் என்கிறான். மானம் என்று மூவரும் எதைக் கருதி வாழ்ந்தார்களோ, அது இந்த மூன்று வேண்டுகோளில் வெளிப்பட்டு நிற்கிறது. தோல்வியில் ஒன்றானவர்கள் இங்கே மூன்று மனிதர்களாகிறார்கள்.

ஒற்றுமை ஒப்பாய்வின் வாசல். வேற்றுமையே அதன் விளைச்சல். இதைச் சொல்லத்தான் இந்த மேடையை எடுத்துக்கொண்டேன். எனவே இளம் ஆய்வாளர்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். எந்தப் பாடம், எந்தக் கவிஞன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வியாசனின் குந்தி போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் உண்மையைச் சொல்கிறாள். வில்லியின் குந்தி களத்துக்கே ஓடி வருகிறாள். இரண்டையும் கலந்தால் இருவரும் மறைவார்கள். அடுத்து, வெற்றி பெற்றவன் பார்வையில் மட்டும் கதையைப் படிக்காதீர்கள். இம்மூன்று கவிஞர்களும் தோற்றவனுக்குத் தம் மிக உயர்ந்த கவிதையைக் கொடுத்தவர்கள். இலியட் முடிவதே ஹெக்டரின் இறுதிச் சடங்கோடுதான். கடைசியாக, மூலத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். திரைப்படமும் பட்டிமன்றமும் நம் காதில் ஏற்றிய கர்ணனை ஒதுக்கி வைத்துவிட்டு ஏட்டிலிருக்கும் கர்ணனைத் தேடுங்கள்.

இங்கு வாசிக்கப்படும் கட்டுரைகளைக் கேட்பவர்கள் தயங்காமல் வினா எழுப்ப வேண்டும். எழுதியவர்கள் தளராமல் விடையளிக்க வேண்டும். நம் வகுப்பறைகளில் கும்பகருணன் இனிமேல் வெறும் தூங்குமூஞ்சியாகவும் கர்ணன் வெறும் வள்ளலாகவும் சுருங்கிப் போகாதபடி செய்வதே இக்கருத்தரங்கின் பயனாக அமையட்டும். அந்த நம்பிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.