வெட்ஸ்லார் கோபுரத்தில் தொங்கிய கூடை

அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தில் கட்டடம் பின்னுக்குச் சாய்ந்தும் மேலே குறுகியும் தெரிகிறதே, அந்த லென்ஸ் பொய் சொல்லும் கருவிதானே என்று ஒருவர் வினவியிருக்கிறார். குற்றம் லென்ஸுடையதன்று, காமிராவை அண்ணாந்து பார்க்கவைத்தவருடையது. உள்ளே படம் பதியும் தட்டு செங்குத்தாக நின்றால், எவ்வளவு அகன்ற லென்ஸிலும் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கமாட்டா. சிகரம் வெட்டுப்படுமே என்றால், பெரிய தட்டுக் காமிராவில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்திக்கொள்ளலாம். இதெல்லாம் படம் பிடிப்போர் பலரும் அறிந்த சங்கதி.

நான் சொல்ல விரும்புவது, அந்த லென்ஸையே அளவுகோலாகக் கொண்ட ஒருவருடைய சரித்திரம்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை (லைக்கா என்னும் சிறிய காமிரா பிற்காலத்தில் பிறந்ததும் அவ்வூரில்தான், பூர்வஜன்மத் தொடர்பு போலும்) 1858 செப்டம்பரில் அளக்க வந்தவர், ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற 24 வயது இளைஞர். சாரம் கட்டினால் பணமும் காலமும் விரயமாகுமென்று, கப்பியில் கயிறு பூட்டிய கூடையில் அமர்ந்து சுவரோரமாக ஏறியும் இறங்கியும் அளந்துவந்த அவர், ஒரு மாலைப்பொழுதில் ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில், கூடையிலிருந்து கோபுரத்துச் சாளரத்துக்குள் காலெடுத்து வைக்க முனைகையில், கூடை சுவரைவிட்டு விலகிற்று. வலக்கையால் சாளர வளைவைப் பற்றி, இடக்காலால் கூடையை எட்டி உதைத்து, அந்த வேகத்திலேயே உள்ளே போய் விழுந்தார். பிராணன் மீண்ட பிறர் ஆண்டவனை நினைத்திருப்பார்கள். இவரோ படியிறங்கும்போதே, கட்டடத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேராக வந்த கிரணங்கள் தீட்டிய சித்திரந்தானே புகைப்படம், அக்கிரணங்களைத் திரும்ப வெளியே இழுத்தால் அளவுகள் தாமே கிடைக்கமாட்டாவோ என்று சிந்திக்கலானார்.

இடைவெளி தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்து, ஒரே கல்முனைக்கு இரண்டிலிருந்தும் கோடு இழுத்தால், அவை சந்திக்குமிடமே கல் நிற்குமிடம். ஆனால் பழைய ஊர்களின் ஒடுங்கிய வீதிகளில் பின்வாங்கி நிற்க இடமேது? 1865-ல் எமில் புஷ் தொழிற்சாலை வெளியிட்ட பாண்டோஸ்கோப் லென்ஸ், 105 பாகை விரிந்தும், ஒளி புகும் துளைக்கு இருபுறமும் ஒத்த கண்ணாடிகள் அமைந்தமையால் நேர்கோட்டை வளைக்காதிருந்தது. துளை மிகச் சிறிது, ஒளி பதிய நேரமாகும். பாதகமில்லை, ஆலயம் எழுந்து நடக்கப் போவதில்லையே! 1867-ல் அதையே 30 சென்டிமீட்டர்ச் சதுரத் தட்டோடு பொருத்தித் தம் காமிராவைச் செய்தார்.

பிரஷ்ய அரசாங்கம் இம்முறையில் கட்டடங்களை அளப்பதற்கென்று பெர்லினில் ஒரு நிலையம் அமைத்தது 1885-ல். உயிரைக் கொடுக்கத் துணிந்து பெற்ற யுக்திக்கு 27 ஆண்டுக் காத்திருப்பு! இன்று லென்ஸைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரைச் சொல்லக் கேட்பது அபூர்வம். ஆயினும் அந்நிலையம் சேர்த்த கண்ணாடித் தட்டுகள் ஏறக்குறைய 20,000. பெர்லினின் பிரெஞ்சுப் பேராலயம் இரண்டாம் உலகப் போரில் சிதைந்தபின், அதை மீண்டும் எழுப்பியவர்கள், 1882-ல் மைடன்பாவர் பதித்துவைத்த தட்டுகளிலிருந்துதான் அளவெடுத்து வரைபடம் வரைந்தார்கள்.