லீவு போட்டுக் கப்பல் ஏறுகிறவர்கள்

'குளோபல் மெர்சி' என்று ஒரு கப்பல். உல்லாசக் கப்பல் மாதிரி பன்னிரண்டு தளம். உள்ளே போனால் ஆறு அறுவை சிகிச்சை அரங்குகள்!

'மெர்சி ஷிப்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் மருத்துவமனைக் கப்பல் இது. டான் ஸ்டீபன்ஸும் அவர் மனைவியும் 1978-இல் தொடங்கிய அமைப்பு. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் கப்பல் மாதக்கணக்கில் நிற்கும். கண்புரை, பிளந்த உதடு, முகத்துக் கட்டி எல்லாவற்றுக்கும் இலவச சிகிச்சை. 2022-இல் இந்தக் கப்பல் போன செனகலில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இயேசு மதம் பார்த்தா நோய் தீர்த்தார்?

இங்கே வேலை செய்கிறவர்கள் தன்னார்வலர்கள். மருத்துவர்களும் நர்சுகளும் வருஷ லீவைப் போட்டுவிட்டு சில வாரங்களுக்கு வருகிறார்கள். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் கைக்காசு. நெடுங்காலம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்கூட அவர்களே பணம் கட்டினார்கள். கேப்டன் உட்பட! உழைத்துவிட்டு வாடகையும் கொடுப்பதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்.

சேவைப் பயணம் என்று போய், சுவருக்கு வெள்ளையடித்து, குழந்தைகளோடு போட்டோ எடுத்துத் திரும்புகிறவர்களும் உண்டு. அந்த வெள்ளையடிக்கும் வேலைக்கு உள்ளூர்க்காரரே போதும். இங்கே அப்படியில்லை, கத்தி பிடிக்கத் தெரிந்தவர்தான் கத்தி பிடிக்கிறார்.

கேரி பார்க்கர் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் 1980-களில் இதே அமைப்பின் பழைய கப்பலுக்குச் சில மாதங்களுக்கென்று வந்தார். உடன் சேவை செய்த பெண்ணை மணந்தார். பிள்ளைகளைக் கப்பலிலேயே வளர்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அமைப்பிலேயே இருந்துவிட்டார்.