கடன் கொடுப்பது கல்வி கொடுப்பதாகுமா?

(கட்டண உயர்வுக்கும் கல்விக் கடன் சுமைக்கும் எதிரான பிரசாரத்திற்குப் புறப்படும் மாணவர், வாலிபர் தோழர்களிடையே நிகழ்த்திய உரை)

வருகிற வாரம் நீங்கள் வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். போகிற இடத்திலெல்லாம் ஒரு கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கும். "சர்க்கார்தான் பாங்கு மூலம் கடன் கொடுக்கிறதே! படித்து, வேலைக்குப் போய்க் கட்ட வேண்டியதுதானே? இதில் என்ன அநியாயம்?" என்று கேட்பார்கள். கேட்பவர் நமக்கு எதிரியல்ல. தன் பிள்ளைக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவராகவே அவர் இருக்கலாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மானம் என்று நினைக்கும் உழைப்பாளி அவர். அவரிடம் கோஷம் போட்டுப் பயனில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

நாலு வருஷப் படிப்பு. வருஷத்திற்கு 1 லட்சம் வீதம் 4 லட்ச ரூபாய் கடன். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது விதி. என்ன தாராளம் என்று தோன்றும்! ஆனால் தூங்குவது தவணைதான், வட்டி தூங்குவதில்லை. முதல் வருஷம் வாங்கிய லட்சத்திற்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாவதற்கு நாலு, மூன்றாவதற்கு மூன்று, கடைசி லட்சத்திற்கு இரண்டு வருஷ வட்டி. கூட்டினால் 1 லட்சத்து 54 ஆயிரம். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே கடன் 5 லட்சத்து 54 ஆயிரமாகிவிட்டது. இதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,630 ரூபாய் வேண்டும். எல்லாம் கட்டி முடிக்கும்போது கைவிட்டுப் போனது 9 லட்சத்துக்கு மேல். கையில் காசுள்ளவன் வீட்டுப் பிள்ளை இதே படிப்பை 4 லட்சத்தில் முடித்துவிட்டான். இல்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு அதே வகுப்பு, அதே பெஞ்சு, 9 லட்சம்! இந்த ஒரு கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

வட்டி மானியம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. 2009-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்தது. குடும்ப வருமானம் வருஷத்திற்கு நாலரை லட்சத்திற்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலத்து வட்டியைச் சர்க்கார் ஏற்கும். இதைப் பெறத் தகுதியுள்ளவர்கள் பெறும்படி நாம் உதவத்தான் வேண்டும். ஆனால் படிப்பு முடிந்து தவணை தொடங்கியதும் அந்த மானியமும் நின்றுவிடுகிறது. வேலையில்லாத பட்டதாரியின் தலையில் மீதி ஏறுகிறது.

2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் என்று ஒன்றை அறிவித்தார்கள். தேர்ந்தெடுத்த கல்வி நிலையங்களில் சேருவோருக்கு ஜாமீன் இல்லாமல் கடன். 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. எத்தனை பேருக்கு? வருஷத்திற்கு 1 லட்சம் மாணவர்களுக்கு. சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே 2021-22-ல் உயர்கல்வியில் இருந்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

சரி, இவ்வளவு கடன் ஏன் தேவைப்படுகிறது? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொல்லிற்று. எத்தனையோ மந்திரிசபைகள் மாறின. அந்த அளவை எந்த மந்திரிசபையும் எட்டவில்லை. மாறாக, 1984-ல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்துவிடப்பட்டது. கடை முதலில் வந்தது. வாடிக்கைக்காரனிடம் காசில்லை. 2001-ல் பாங்குகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. அதாவது மாணவன் பெயரில் எழுதிய பணம் கல்லூரி முதலாளியின் கணக்குக்குப் போகிறது. திருப்பிக் கட்டும் பொறுப்பு மட்டும் மாணவனுக்கும் அவன் தகப்பனுக்கும். கடன் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு கட்டணத்தைக் குறைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்?

சர்க்கார் ஸ்தாபனங்களும் இதே பாதையில் தள்ளப்படுகின்றன. ஐ.ஐ.டி.களில் 2016-ல் வருஷக் கட்டணம் 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாயிற்று. (தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கும் மிக ஏழைகளுக்கும் விலக்கு உண்டு. அதையும் சொல்லுங்கள், நம் வாதத்திற்கு அரைகுறை உண்மை தேவையில்லை.) அடுத்து உயர்கல்வி நிதி ஏஜென்சி என்று கனரா பாங்கோடு சேர்ந்து ஒரு கம்பெனி வந்தது. கட்டிடத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இனி மானியம் இல்லை, கடன்தான். பழைய ஐ.ஐ.டி.கள் அசலைச் சொந்த வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். சொந்த வருமானம் என்றால் என்ன? அதில் பிரதானமானது மாணவன் கட்டும் கட்டணமல்லவா? மாணவனும் கடனாளி, கல்லூரியும் கடனாளி! டில்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையில் 2019-ல் விடுதி அறை வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க முயன்றார்கள். மாணவர் தெருவுக்கு வந்தபின் ஓரளவு இறங்கினார்கள். அலகாபாத்தில் 2022-ல் 975 ரூபாய்க் கட்டணம் 4,151 ஆயிற்று.

ஆனால் தோழர்களே, கட்டணம் என்பது மழை மாதிரி வானத்திலிருந்து விழுவதல்ல. சிதம்பரத்தைப் பாருங்கள். அண்ணாமலை சர்வகலாசாலையின் நிர்வாகத்தைத் தமிழக சர்க்கார் 2013-ல் சட்டம் போட்டு எடுத்துக் கொண்டது. பெயருக்குச் சர்க்கார் வசம். அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மட்டும் எம்.பி.பி.எஸ். கட்டணம் வருஷத்திற்கு 5 லட்சத்து 44 ஆயிரம். மற்ற சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் 13,610 ரூபாய். இரண்டும் ஒரே சர்க்கார்! 2020 டிசம்பரில் மாணவர் போராட்டம் தொடங்கியது. பெரும்பாலோர் முன்பின் போராடிப் பழக்கமில்லாதவர்கள். கல்லூரியை மூடினார்கள், விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். மாணவர் அசையவில்லை. ஐம்பது நாட்களுக்கு மேல் நின்றார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணம் மற்ற சர்க்கார் கல்லூரிகளின் அளவுக்கு வந்தது. ஐந்தரை லட்சம் 13 ஆயிரமாவது முடியாத காரியம் என்று அதற்கு முந்தின நாள் வரை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவர்கள் "எங்களுக்குக் கடன் கொடு" என்று கேட்கவில்லை. கட்டணத்தைக் குறை என்றார்கள். அந்த வித்தியாசத்தை மனதில் வாங்கிக் கொள்ளுங்கள்.

கடன் தள்ளுபடி கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். ஸ்டேட் பாங்கு தன் வராத கல்விக் கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு நூற்றுக்கு 45 வீதம் கைமாற்றியது இந்த நாட்டில்தான் நடந்தது. தனியார் கம்பெனிக்கு 55 ரூபாய் விட்டுக் கொடுக்க முடிந்த பாங்கு, அதே 55 ரூபாயைக் கடன் வாங்கிய பிள்ளைக்கு ஏன் விட்டுக் கொடுக்கவில்லை? ஆனால் தள்ளுபடியோடு நின்றுவிட்டால், அடுத்த வருஷம் சேருகிறவன் மீண்டும் கடன் வாங்குவான். அமெரிக்காவில் மாணவர் கடன் 1.7 லட்சம் கோடி டாலர் அளவுக்குப் போயிருக்கிறது. அங்கே ஜனாதிபதி அறிவித்த தள்ளுபடியை 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. கட்டணத்தில் கை வைக்காதவரை நிலைமை இப்படித்தான்.

இனி காரியத்திற்கு வருவோம். நோட்டீஸ் வந்த வீட்டில் முதலில் ஆறுதல் சொல்லுங்கள். பத்திரத்தைப் பிறகு கேளுங்கள். நிறைய வீடுகளில் தகப்பனாருக்கே தெரியாமல் பிள்ளை நோட்டீசை ஒளித்து வைத்திருப்பான். அவனைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள், எல்லார் முன்னிலையிலும் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். பையன் தவணை தவறினால் கூடக் கையெழுத்திட்ட அப்பனின் பெயரும் சிபில் கணக்கில் கெடும். நாளைக்கு அவர் வேறு கடனுக்குப் போனால் பாங்கில் அதைக் காட்டுவார்கள். இதை விவசாயிகள் சங்கத் தோழர்கள் கிராமத்தில் விளக்க வேண்டும். பாங்கு கௌண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விதி போட்டவர் அவரல்ல.

எந்தக் கல்லூரி, எந்த வருஷம், கட்டிய கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, ரசீதில்லாமல் வாங்கியது எவ்வளவு, கடன் எவ்வளவு, இன்று பாக்கி எவ்வளவு - இவ்வளவையும் எழுதி வாங்குங்கள். ரசீதில்லாத பணத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். கட்டண நிர்ணயக் கமிட்டி முன் வைப்பதற்கு அதுதான் முதலில் வேண்டும். பதினைந்து நாளில் தாள்கள் எல்லாம் கிளைச் செயலாளர் கைக்கு வந்து சேரட்டும்.