தீவிலே கோடைக் கூடாரம்

சித்திரை பிறந்து பள்ளிகள் அடைத்துவிட்டால், பிம்ப்ரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றே: "இவ்வாண்டு எங்கே?" முன்பெல்லாம் அதற்கு விடையும் ஒன்றே. மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறுவோம். இப்பொழுதோ பிள்ளைகள் வேறு விடை கூறுகின்றனர். கடல் நடுவே ஒரு தீவு வேண்டுமாம். வெண்மணல்மேல் ஒரு கூடாரமும் வேண்டுமாம்.

அவர்கள் விரும்பியது இலட்சத்தீவுகளைச் சேர்ந்த பங்காரம். அதிலும், அண்டையிலுள்ள தின்னகரையிலும், பயணிகளுக்கென்றே கூடாரங்கள் உண்டு. நினைத்தவர் நினைத்த இடத்தில் முளையடிக்க இயலாது. முன்னரே நுழைவு அனுமதி பெறவேண்டும். கொச்சியிலிருந்து கப்பலிலோ, விமானத்தில் அகத்தி சென்று அங்கிருந்து படகிலோ செல்லவேண்டும்.

புறப்படுமுன் ஒத்திகை பார்ப்போம் என்று, சென்ற மே மாதத்தில் நான்கு குடும்பத்தினராகப் பவனா அணையின் நீர்த்தேக்கக் கரைக்குச் சென்றோம். நம் பிம்ப்ரிக் குழாய்களில் வருவது அந்த அணையின் நீரேயன்றோ? மாலையில் லோஹகட் கோட்டைப் பக்கம் கருமேகம் திரண்டது. கோடை இடியோடு காற்றும் வந்தது. முளைகளை நேராக அடித்திருந்தோம்; காற்றுக்கு எதிராகச் சாய்த்து அடிக்கவேண்டும் என்பதை, ஒரு கூடாரம் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்த பின்னரே அறிந்தோம். எவருக்கும் தீங்கில்லை. புளிசாதம் மட்டும் நனைந்தது.

பவளத்தீவின் மணலிலோ முளை இவ்வளவுகூட நில்லாது. மணல் நிரப்பிய பையைக் கயிற்றிலே கட்டிப் புதைத்தல் நலம். அலையேறும் எல்லைக்கு அப்பால் இடம் பார்க்கவேண்டும். தென்னை நிழல் குளிர்ச்சியாயிருக்கிறதே என்று அதன் அடியிற் படுப்பது பேதைமை. தேங்காய்க்குக் கண் உண்டு என்பது வெறும் பேச்சு. வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். பிம்ப்ரியில் பகல் 40 டிகிரியை எட்டினாலும் இரவு தணிந்துவிடும். தீவில் பகல் வெப்பம் அவ்வளவு ஏறாது. ஆயின் இரவிலும் 27 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஈரமும் மிகுதி. நைலான் கூடாரத்தை மூடிப் படுத்தால் புழுக்கம் தாங்காது. இரு பக்கமும் வலை வாயில் உள்ள கூடாரமே அங்கு உதவும்.

இவையெல்லாம் எளிதிற் கற்கக்கூடியவை. எம்மைத் தடுத்து நிறுத்தியது தண்ணீர்.

பவளத்தீவில் ஆறில்லை, ஏரியில்லை. பெய்யும் மழை மணலூடே இறங்கி, உப்பு நீரினும் எடை குறைந்ததாதலின், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடியும் போயிற்று. மழையற்ற கோடை மாதங்களில் அவ்வில்லை மெலிகிறது. கிணற்றில் விரைந்து இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். நாம் மணலில் கொட்டும் சோப்பு நீரும் அங்கேயே இறங்கும்.

கவரத்தித் தீவில் 2005ஆம் ஆண்டில் நம் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் ஓர் ஆலை அமைத்தனர். மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் முறை அது. அடுப்பெரியாமலே தண்ணீர் காய்ச்சி வடிப்பது போலாம்! நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தருமாறு அமைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அத்தீவில் 11,000 பேருக்குமேல். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒன்பது லிட்டர். நாம் காலையில் தலையில் ஊற்றிக்கொள்ளும் ஒரு வாளி, அங்கே இருவருடைய ஒரு நாட்பங்கு.

எம் குழுவினர் பதினாறு பேர். கோடையிலே, அதுவும் வில்லை மெலிந்திருக்கும் வேளையிலே, பதினாறு பேரின் குளியலையும் துவையலையும் அங்கே கொண்டுபோய் இறக்குவதா? மேலும், மே மாதக் கடலும் நம்பத்தக்கதன்று; 2021 மே மாதத்தில் தவ்தே புயல் அத்தீவுகளை அலைக்கழித்தது.

ஆதலின் தென்மேற்குப் பருவமழை தீவை நனைத்த பின்னர், தீபாவளி விடுமுறையில் செல்வதென்று முடிவு செய்தோம். அக்காலத்தில் புயலே இராது என்பதன்று. ஒக்கி வந்தது 2017 டிசம்பரில்தான். ஆயினும் கிணறு நிறைந்திருக்கும். குளியலுக்கு ஆளுக்கு அரை வாளி என்று இப்போதே வீட்டில் பழகுகிறோம். எம் வீட்டுப் பாட்டிக்கு இதில் வியப்பேதுமில்லை. இராமநாதபுரத்தில் பிறந்தவர் அவர். பிள்ளைகள் மட்டும் இன்னும் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.