லிஸ்ட்டின் கடைசியில் இருப்பவர்



2020-ல கொரோனாவால பல விமானங்கள் ஓடல. அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 2,850 பைலட்டுகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பத் தயாரானது. அங்கே விதி இதுதான்: கடைசியா சேர்ந்தவர் முதல்ல வெளியே. திரும்பக் கூப்பிடும்போதும் சீனியாரிட்டி வரிசைதான். நிர்வாகம் தனக்குப் பிடிச்சவங்களை மட்டும் எடுத்துக்க முடியாது. (நம்ம ஐடி கம்பெனியில லேஆஃப் லிஸ்ட் எந்த வரிசையில வருதுன்னு யாருக்காவது தெரியுமா?)

ஆனா அதே விதி இளைஞர்களைத்தான் முதல்ல வெட்டுது, மறைக்க வேண்டாம்.

அதனால சங்கம் வேற வழி பார்த்தது. வேலை நேரத்தைக் குறைச்சு எல்லாரும் பகிர்ந்துக்கிற ஒப்பந்தம். தங்களுக்கு ஆபத்தில்லாத சீனியர்களும் சேர்ந்து ஓட்டுப் போடணும், அவங்க சம்பளமும் குறையும்.

ஒப்பந்தம் ஜெயிச்சது. அந்த 2,850 பேர் வேலையும் தப்பிச்சது. அதே அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சுமார் 1,600 பைலட்டுகள் வீட்டுக்குப் போனாங்க.