மாநிலங்களின் செல்வமும் நம் மக்களின் நிலையும்



ஒரு மாநிலம் முன்னேறியது, மற்றொன்று பின்தங்கியது என்று தீர்ப்பளிப்போர் பெரும்பாலும் தலா வருமானம் என்னும் ஓர் எண்ணையே சான்றாகக் காட்டுகின்றனர். மாநிலத்தின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது அது. நிலக்கிழாரின் வருவாயும் அவர் வயலில் நாற்று நடும் நம் தாயின் கூலியும் அக்கணக்கில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இருவருக்கும் உரியதல்லாத ஒரு சராசரி பிறக்கிறது. அந்த எண்ணை நாம் ஒதுக்கவில்லை. அதை மட்டும் நம்புவதற்கில்லை என்கிறோம்.

பஞ்சாபை எடுத்துக்கொள்வோம். பசுமைப் புரட்சியின் பயனாய் 1970-71இல் அம்மாநிலத்தின் தலா வருமானம் நாட்டுச் சராசரியைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது. 2023-24இல் அது சராசரியைவிடச் சற்றே மேலே நின்றது. பொருளியலார் இவ்விறக்கத்தைப் பற்றி நிறையவே எழுதுகின்றனர். ஏற்றம் இருந்த காலத்தில் ஏறியவர் யார் என்பதே நம் கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் நூற்றுக்கு 32 பேர் பட்டியல் வகுப்பினர். இந்திய மாநிலங்களில் இதுவே மிகுதி. ஆயினும் சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது ஐந்து விழுக்காடுகூட இல்லை. ஊர்ப் பொதுவிளைநிலத்தில் மூன்றிலொரு பங்கை அவர்களுக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்பது சட்டம். அப்பங்கையும் பினாமி பெயரில் பிறர் எடுத்துக்கொண்டமையால், சங்ரூர் வட்டார மக்கள் 2014 முதல் திரண்டு போராட நேர்ந்தது. எழுத்தறிவோ? 2011இல் நாடு முழுவதும் பட்டியல் வகுப்பினருள் எழுத்தறிந்தோர் 66.1 விழுக்காடு, கோதுமைக் களஞ்சியமான பஞ்சாபில் 64.8!

கேரளத்தில் அவ்வெண் 88.7. 1970களில் கேரளத்தின் தலா வருமானம் நாட்டுச் சராசரிக்கும் கீழே இருந்தது என்பதை மறவாதீர்கள். இவ்வேறுபாடு தானாக வந்ததன்று. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, பள்ளிக் கதவு திறக்கும்வரை வயலில் இறங்கோம் என்று திருவிதாங்கூர் உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளியையே கொளுத்தினர். ஆயினும் கேரளத்தைப் பொன்னுலகம் என்று கூற நாம் வரவில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தில் குத்தகைதாரர் வயல் பெற்றனர். வயலில் உழைத்த நம்மவர் பெற்றது குடிசை நின்ற சில சென்ட் மனை மட்டுமே.

ஆகவே மாநிலங்களை ஒப்பிடும்போது மற்றோர் அளவுகோலையும் பிடிப்போம்: மொத்த மக்களின் எழுத்தறிவுக்கும் நம் மக்களின் எழுத்தறிவுக்கும் உள்ள இடைவெளி. 2011இல் அது பஞ்சாபில் 11 புள்ளி, கேரளத்தில் 5, தமிழகத்தில் 7. தொழில் வளத்தில் பெருமைப்படும் நம் மாநிலத்தில் இந்த ஏழு எந்த ஊரில், எந்தத் தெருவில் கிடக்கிறது? அரசின் புதிய கணக்குக்குக் காத்திராமல், நம் மாணவர்களையே வீடு வீடாக அனுப்பி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை இவ்வாண்டே எடுக்குமாறு கழகப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.