ஆண்டுக் கணக்கும் வாழ்வின் கணக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் நம் பள்ளிவாசலின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. சந்தா, உண்டியல், மின்கட்டணம், மராமத்து என ஒவ்வொன்றும் தனித்தனியே கூறப்பட்டது. நம் சொந்த வாழ்வுக்கும் இவ்வாறு தலைப்பு வாரியாக ஒரு கணக்கு எழுதியிருக்கிறோமா?

தன்னைத்தானே கணக்குப் பார்ப்பதை நம் முன்னோர் 'முஹாஸபா' என்றனர். கி.பி. 857இல் மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயரே இதிலிருந்து வந்ததுதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், வணிகர் தம் கூட்டாளியிடம் நிபந்தனை பேசி, கண்காணித்து, முடிவில் கணக்குக் கேட்பதுபோல மனிதன் தன் நஃப்ஸிடம் கேட்க வேண்டுமென விளக்குகிறார்கள்.

இக்காலத்தில் இதற்கு உதவும் எளிய கருவி 'வாழ்க்கைச் சக்கரம்'. அமெரிக்கரான பால் ஜே. மேயரின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் இது, இன்று பல நாடுகளிலும் பயிற்சி வகுப்புகளில் பயன்படுகிறது. ஒரு வட்டம் வரைந்து எட்டு ஆரக்கால்கள் இடுங்கள். வணக்கம், உடல்நலம், குடும்பம், உறவும் அண்டை வீட்டாரும், தொழில், கொடுக்கல் வாங்கல், கல்வி, ஓய்வு என்று பெயரிடுங்கள். மையம் 0, விளிம்பு 10. ஒவ்வொன்றிலும் உங்கள் நிலைக்கேற்பப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணையுங்கள். எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஓர் ஆரக்கால் குட்டையான வண்டி எப்படி ஓடும்?

நாமும் ஓர் இரவு இதனை வரைந்தோம். குடும்பத்துக்கு 8 இட்டோம். மறுநாள் வீட்டாரிடம் காட்டினோம். சற்று யோசித்து அவர்கள் 4 என்றார்கள். "பிள்ளைகள் ஏதோ சொல்ல வருகிறார்கள். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள்" என்றார்கள். குடும்பக் கடமை பற்றி மிம்பரில் பலமுறை பேசிய நமக்கு அன்று விடை இல்லை.

அப்போது புகாரீயில் பதிவான ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் அவ்வீட்டுக்குச் சென்றபோது, அவர்களின் துணைவியார் தம்மைப் பேணிக்கொள்ளாத கோலத்தில் இருந்தார்கள். காரணம் கேட்டபோதுதான் நிலைமை தெரிந்தது. ஸல்மான் (ரலி) அவர்கள் நண்பரை உண்ண வைத்தார்கள், உறங்க வைத்தார்கள், இரவின் கடைசியில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமையை அவரவர்க்கு வழங்குமாறு உபதேசித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதனைச் சரியென உறுதிப்படுத்தினார்கள். குறை வெளிப்பட்டது கணவரின் சொல்லால் அல்ல, துணைவியாரின் சொல்லால்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சகோதரர்களே, சக்கரத்தை நீங்கள் வரையுங்கள். ஆனால் உரிமை உடையவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். கேட்டபின் கோபிக்காதீர்கள். குறைந்த புள்ளி எல்லாமே குற்றமாகிவிடாது. இராஜபாளையம் மில்களில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும், வளைகுடாவில் உழைப்பவருக்கும் சில ஆரக்கால்கள் குறையவே செய்யும். எட்டையும் ஒரே நாளில் நிமிர்த்த முயலாமல், மிகக் குட்டையான ஒன்றை எடுத்து, ஒரு சிறு செயலைத் தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரையுங்கள். உறக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால் சக்கரம் போதாது, மருத்துவரை நாடுங்கள்.

இன்று இஷாவுக்குப்பின் நம் வீட்டில் போன் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் அந்த 4 எவ்வளவாக உயரும் என்பதை நம் வீட்டாரே சொல்லட்டும். வல்ல ரஹ்மான் நம் அனைவரின் கணக்கையும் இலேசாக்கி அருள்வானாக! ஆமீன்.